லிமிட் போக்கரில் ஓயாமல் பந்தயத்தை ஏற்றுபவரை எப்படிச் சமாளிப்பது?

லிமிட் போக்கரில் பந்தயத் தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். 10–20 டாலர் ஹோல்டம் (போக்கரில் ஒரு வகை) மேசையில் முதல் இரண்டு சுற்றுகளில் 10, கடைசி இரண்டில் 20 என்றுதான் ஏற்ற முடியும். கையில் நல்ல சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்றிக்கொண்டே போகிறவரை ‘மேனியாக்’ என்பார்கள்.

அவருக்குப் பயந்து சீட்டைக் கவிழ்ப்பதுதான், அதாவது அந்த ஆட்டத்தை விட்டு விலகுவதுதான், பெரிய தவறு. கடைசிச் சுற்றில் நடுவில் 120 டாலர் கிடக்கிறது, அவர் 20 போடுகிறார் என்று வையுங்கள். இப்போது 140 டாலரை வெல்ல நீங்கள் போட வேண்டியது வெறும் 20. எட்டு முறை இப்படிப் போட்டு ஒரே ஒரு முறை ஜெயித்தாலும் போட்ட காசு திரும்பிவிடும். எதிராளி பல நேரம் வெறுங்கையோடு ஏற்றுபவர் என்பதால், ஒரு சுமாரான ஜோடிகூட (ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டு) அதற்குப் போதும்.

எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிக்கும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். அந்தச் சத்தத்துக்கு யாரும் பதறி ஒதுங்குவதில்லை. எப்போதாவது அடிக்கிறவர் அடித்தால்தான் திரும்பிப் பார்க்கிறோம். அதனால் அமைதியான ஆட்டக்காரர் திடீரென ஏற்றினால், அதே ஜோடியைத் தயங்காமல் கவிழ்த்துவிடலாம்.

சரி, உங்களிடமே பலமான சீட்டு வந்தால்? பல நேரம் பந்தயம் போடாமல் சும்மா ‘செக்’ சொல்லி முறையை அவருக்கு விட்டாலே போதும், பந்தயத்தை அவரே போட்டுவிடுவார். அப்புறம் நீங்கள் ஏற்றலாம்.

முரடருக்கு முரடராக நாமும் வெறுங்கையோடு மிரட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மேனியாக் லேசில் சீட்டைக் கவிழ்க்க மாட்டார், அந்த மிரட்டல் அவரிடம் எடுபடாது.