வெங்காயத்தாள் கருகுகிறதா? தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள்

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: "மொட்டைமாடித் தொட்டியில் சின்ன வெங்காயமும் பூண்டும் ஊன்றினேன். தாள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. பூண்டு கிழங்கே வைக்கவில்லை. உரம் போதவில்லையா?"

உரம் போடாதீர்கள் அம்மா. முதலில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று பாருங்கள். கடலை ஒட்டிய உங்கள் பகுதியில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. பீட்ரூட் தாங்குகிற உப்பை வெங்காயமும் பூண்டும் தாங்காது. தொட்டியில் இது இன்னும் மோசம். வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? அதுதான். ரசாயன உரமும் உப்புதான் என்பதால், இப்போது போட்டால் கருகல் கூடும்.

மெட்ரோ தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ, தொட்டியின் அடித்துளை வழியாக நன்றாக வடியும்வரை இரண்டு மூன்று முறை ஊற்றுங்கள். பிறகும் நல்ல தண்ணீரே ஊற்றுங்கள். உப்புப் போடாமல் அரிசி களைந்த தண்ணீரும் சரி. காய்ந்த நுனி பச்சையாகாது. புதுத் தாள் சுத்தமாக வரும்.

பூண்டு விஷயம் வேறு. அது பல் பிரிந்து திரள வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். சென்னையில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். நம் மாநிலத்தில் பூண்டு கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளைவது அதனால்தான். உங்கள் மாடியில் பூண்டைத் தாளுக்காக மட்டும் வளருங்கள், அதுவே நல்ல லாபம். இரண்டு அங்குலம் விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். பொடியாக அரிந்து, அடுப்பை அணைத்தபின் நெத்திலி வறுவலில் தூவிப் பாருங்கள். வீட்டில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கலக்கும்போதும் கடைசியில் ஒரு பிடி போடலாம்.

சின்ன வெங்காயம் காயாகவே வேண்டுமென்றால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஊன்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அழுகிவிடும். காய்க்குக் காய் 10 சென்டிமீட்டர் இடைவெளி, முழு வெயில். 65, 70 நாளில் தாள் பழுத்துச் சாயும். அப்போது தண்ணீரை நிறுத்திவிட்டுப் பிடுங்குங்கள்.

அப்புறம் ஒன்று. பக்கத்துத் தொட்டியில் மழை லில்லி இருந்தால் தள்ளி வையுங்கள். அதன் இலையும் கிழங்கும் பார்க்க வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் நஞ்சு. ஒரு தாளைக் கசக்கி முகருங்கள். வெங்காய வாசமோ பூண்டு வாசமோ வராவிட்டால் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம்.