சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: மருந்துக்கான ஆராய்ச்சிப் பணம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: சார், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயின் மருந்துக்குப் பெற்றோர் சேர்ந்து தொடங்கிய அமைப்பே பணம் போட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். அமெரிக்காவில் 1955-இல் தொடங்கிய சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளைதான் அது. அன்று இந்த நோயோடு பிறந்த குழந்தை பள்ளிக்கூட வயதைத் தொடுவதே அரிது. 1989-இல் சிஎஃப்டிஆர் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதில் பழுது இருந்தால் செல்களில் உப்பும் நீரும் சரியாகப் போய்வராது, நுரையீரலில் சளி கெட்டியாகிவிடும். காரணம் தெரிந்தும் மருந்து கம்பெனிகள் தயங்கின. நோயாளிகள் குறைவு, போட்ட முதல் திரும்புமா என்ற பயம். அந்தப் பயத்தை அறக்கட்டளை தன் தலையில் ஏற்றுக்கொண்டது. 2000-இல் சான் டியாகோவிலிருந்த அரோரா பயோசயின்சஸ் என்ற கம்பெனிக்கு சுமார் 4 கோடி டாலர் தர ஒப்பந்தம் போட்டது. ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை இயந்திரத்தில் வேகமாகச் சோதித்துப் பார்க்கும் வேலை அது. மறு வருடம் அரோராவை வெர்டெக்ஸ் என்ற மருந்து கம்பெனி வாங்கியது, உதவி தொடர்ந்தது. 2012 ஜனவரியில் அந்த முயற்சியில் பிறந்த ஐவகாஃப்டர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது.

கேள்வி: அது எல்லாருக்கும் பலித்ததா?

பதில்: இல்லை. முதலில் ஜி551டி என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும்தான், நோயாளிகளில் சுமார் 4%. 2019-இல் வந்த மூன்று மருந்துக் கலவையான ட்ரிகாஃப்டாதான் அமெரிக்க நோயாளிகளில் 90% பேர் வரை எட்டியது. அந்த மருந்து முக்கியமாகக் குறிவைக்கும் எஃப்508டெல் என்ற மரபணு மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம், இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு இல்லை. ஆகவே நம் குழந்தைகளுக்கு எந்த மாற்றம் என்று மரபணுச் சோதனை செய்து பார்க்காமல் மருந்தைப் பற்றி நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

கேள்வி: போட்ட பணம் திரும்பி வந்ததா அண்ணா?

பதில்: பல மடங்காக. 2014-இல் அறக்கட்டளை தன் ராயல்டி உரிமையை, அதாவது மருந்து விற்பனையில் தனக்கு வரவேண்டிய பங்கை, 330 கோடி டாலருக்கு விற்று, அதை மறுபடி ஆராய்ச்சியில் போட்டது. ஆனால் ஐவகாஃப்டரின் ஆரம்ப விலையே வருடத்துக்கு சுமார் 3 லட்சம் டாலர்! நன்கொடையில் பிறந்த மருந்து நன்கொடை கொடுத்த குடும்பத்துக்கே எட்டாமல் போகலாம். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. பணம் கொடுக்கும் நாளிலேயே விலை பற்றிய நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். மருந்து வெற்றி பெற்ற பிறகு கேட்டால் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

கேள்வி: அரிய நோய்களுக்கு இந்திய அரசு பணம் தருகிறதா?

பதில்: 2021-இன் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கைப்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்கு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை, அரசு குறித்த சிறப்பு மையங்கள் வழியாக. அது சிகிச்சைக்கான பணம், ஆராய்ச்சிக் கணக்கில் வராது.

கேள்வி: எங்கள் மகளுக்கு வேறொரு அரிய நோய். சில குடும்பங்கள் சேர்ந்திருக்கிறோம், கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் நோயாளிப் பதிவேடு. மரபணுச் சோதனை முடிவு, எந்த வயதில் என்ன அறிகுறி, நோய் எப்படி வளர்ந்தது என்று ஒரே முறையில், குடும்பங்களின் சம்மதத்தோடு, ஒரு மரபியல் மருத்துவரின் மேற்பார்வையில் எழுதிவையுங்கள். சிகிச்சை இல்லாவிட்டால் நோய் எப்படிப் போகும் என்று தெரிந்தால்தான் ஒரு மருந்து பலித்ததா என்று அளக்க முடியும். பரிசோதனைக்கு ஆள் தேடும் கம்பெனி முதலில் கேட்பதும் இதைத்தான். அப்புறம் ஆய்வகத்தைப் பாருங்கள்.