ஒவ்வொரு தடவையும் பைப்பை மூடணுமானு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டிருந்ததை ரெண்டு தடவை படிச்சேன். பெர்லின்ல மூணாவது மாடி, நூறு வருஷத்துப் பழைய பில்டிங், வாஷிங் மெஷினை செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கீங்க, வீட்டு ஓனர் அம்மா துவைச்சு முடிச்சதும் பைப்பை மூடணும், மெஷின் ஓடுறப்ப வெளில போகக்கூடாதுனு சொல்றாங்க, இது கொஞ்சம் ஓவரா இல்லையாக்கானு கேக்குறீங்க. ஓவர் இல்ல தம்பி. நான் இங்க வந்து 14 வருஷம் ஆச்சு, அந்தம்மா சொல்றது அத்தனையும் சரி.

மதுரைல எங்க வீட்டுல மெஷின் ஹோஸ் கழண்டா என்ன பண்ணுவோம், வெளக்குமாறை எடுத்து தண்ணியை சலதாரை பக்கம் தள்ளி விடுவோம், தரை கழுவின மாதிரியும் ஆயிடும், அதோட சரி. இங்க உங்க பாத்ரூமையும் கிச்சனையும் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. முக்காவாசி வீட்டுல தரைல தண்ணி போற ஓட்டையே இருக்காது, வாட்டமும் இருக்காது. கொட்டுன தண்ணி நேரா கீழ் வீட்டுக்குத்தான் போகும். அதுவும் உங்களது மாதிரி ஆல்ட்பாவ், அதாவது பழைய காலத்து வீடுனா தரைக்கும் கீழ் வீட்டு சீலிங்குக்கும் நடுவுல மர உத்தரம் ஓடும், இடையில மண்ணு, கரிக்கட்டி, இடிச்ச கல்லுன்னு கொட்டி நிரப்பியிருப்பாங்க, அது பஞ்சு மாதிரி தண்ணியை உறிஞ்சி வச்சுக்கும். புது பில்டிங்லயும் நிம்மதி இல்ல, தரை சிமெண்டுக்கு அடியில இன்சுலேஷன் இருக்கும், அதுக்குள்ள தண்ணி இறங்கிட்டா மேல ஒண்ணும் தெரியாது, கொஞ்ச நாள்ல சுவரோரமா பூஞ்சை வரும்போதுதான் தெரியும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன். 2013 நவம்பர், அப்ப நாங்க பெர்லின்லயே நொய்கோல்ன்ங்கற ஏரியால ரெண்டாவது மாடில இருந்தோம், மெஷின் கிச்சன்ல சிங்க் பக்கத்துல. துணியைப் போட்டுட்டு பையனை கீட்டால, அதாவது குழந்தைகள் காப்பகத்துல, விடப் போனேன், நாப்பது நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்து கிச்சன்ல கால் வச்சதும் சாக்ஸ் சில்லுனு நனைஞ்சிருச்சு. மெஷின் எந்த எரரும் காட்டாம அது பாட்டுக்கு முடிச்சு நின்னுட்டிருந்துச்சு. தண்ணி வெளிய போற ஹோஸை சிங்குக்கு அடியில ஸிஃபோன்ல, அந்த வளைஞ்ச கழிவுப் பைப்ல, சும்மா சொருகி விட்டிருந்தோம், கிளாம்ப் போட்டு இறுக்கல, பம்ப் வேகமா தள்ளுனதுல பிச்சுக்கிட்டு வந்து கடைசி அலசல் தண்ணி மொத்தமும் தரைல. நான் மாப்பைத் தேடிட்டு இருக்கறப்பவே காலிங் பெல், கீழ் வீட்டுப் பாட்டி. ஒரு வார்த்தை திட்டல, கையைப் புடிச்சு கீழ கூட்டிட்டுப் போய் சீலிங்கைக் காட்டுனாங்க. வெள்ளைச் சுண்ணாம்புல டீ டம்ளர் வச்சு எடுத்த மாதிரி வட்டம், ஆனா தாம்பாளம் சைஸுக்கு, நடுவுல ஒரு சொட்டு தொங்கிட்டே இருக்கு, நாங்க பாக்கப் பாக்க விழுந்துச்சு, கீழ அவங்க வச்சிருந்த குண்டாச் சட்டில டொக்குனு சத்தம். அந்த சத்தம் இன்னும் எனக்கு மறக்கல தம்பி.

அப்புறம் பவ்ட்ராக்னர்னு ஒரு காய வைக்கிற மெஷினைக் கொண்டாந்து ரெண்டு வீட்டுலயும் மூணு வாரம் ராப்பகலா ஓட்டுனாங்க. அந்தப் பாட்டி மூணு வாரம் அந்த இரைச்சலோட தூங்குனாங்க. எனக்கு காசைவிட அதுதான் உறுத்துச்சு.

காசு விஷயம், இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. பிரிவாட் ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் இன்சூரன்ஸ் எடுத்துட்டீங்களா? எடுக்கலைன்னா மெஷினை மாட்டுறதுக்கு முன்னாடி அதை எடுங்க. வருஷத்துக்கு நூறு யூரோவுக்குள்ளயே நல்லது கிடைக்கும், குடும்பத்துக்கே சேர்த்து. நம்மளால அடுத்தவங்களுக்கு ஆன நஷ்டத்தை அதுதான் கட்டும், கவனக்குறைவா இருந்துட்டோம்னாலும் கட்டும், வேணும்னே பண்ணாதான் கட்டாது. வாடகை வீட்டுக்கு ஆகுற சேதமும், அதாவது மீட்ஸாஹ்ஷேடன், அதுல சேர்ந்திருக்கானு பாத்து வாங்குங்க. நம்ம சொந்த சாமான் நனைஞ்சா அதுக்கு ஹவுஸ்ராட்னு வேற இன்சூரன்ஸ், அதுல கவனக்குறைவு ரொம்ப ஜாஸ்தினு அவங்க நினைச்சா தொகையைக் குறைக்கலாம், பாலிசில அந்த வரியை படிச்சுக்கோங்க. எங்களுக்கு ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் இருந்துச்சு, வீட்டுக்காரரோட ஆபீஸ்ல ஒரு சீனியர் அண்ணன் வந்த முதல் மாசமே பக்கத்துல உக்காந்து எடுக்க வச்சிருந்தார், அவர் புண்ணியத்துல தப்பிச்சோம்.

இப்ப உங்க மெஷினுக்கு வருவோம். அதுல அக்வாஸ்டாப் இருக்குனு எழுதியிருந்தீங்க, பைப்ல மாட்டுற முனைல பெருசா ஒரு டப்பா மாதிரி இருக்கும் பாருங்க, அதான். உள்ள வர்ற ஹோஸ் வெடிச்சாலோ மெஷினுக்குள்ள அடித்தட்டுல தண்ணி தேங்குனாலோ அது தானா தண்ணியை அடைச்சிரும், நல்ல விஷயம். ஆனா வெளிய போற ஹோஸ் கழண்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது, எங்க வீட்டுல நடந்தது அதுதான். அதனால கிளாம்பை ஸ்க்ரூடிரைவர் வச்சு நல்லா இறுக்குங்க, ஹோஸை பாத்டப்ல சும்மா தொங்க விடாதீங்க. ஹோஸ் நீளம் பத்தலைன்னு அக்வாஸ்டாப் ஹோஸை மட்டும் வெட்டிராதீங்க, உள்ள வயர் போகும். சாதா ஹோஸா இருந்தா செகண்ட் ஹேண்ட் மெஷினோட வந்த பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, ரப்பர் வாஷரோட சேர்த்து. பைப்பைத் தொறந்து விட்டு ஜாயிண்ட்டைச் சுத்தி ஒரு டிஷ்யூ பேப்பரை வச்சுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத கசிவுகூட அதுல தெரிஞ்சிரும்.

மெஷினை வண்டில கொண்டு வர்றப்ப பின்னாடி டிரம் ஆடாம பிடிச்சு வைக்கிற டிரான்ஸ்போர்ட் போல்ட் போட்டிருந்தா அதைக் கழட்டாம ஓட்டவே கூடாது. ரசமட்டம் வச்சு நாலு காலையும் சமம் பண்ணுங்க, மரத்தரைல மெஷின் ஆடி ஆடி நகர்ந்துதான் ஹோஸை இழுக்கும்.

மெஷினுக்கு முன்பக்கம் கீழ சின்னக் கதவுக்குள்ள இருக்கற சல்லடையை மாசம் ஒரு தடவை சுத்தம் பண்ணுங்க, தட்டு வச்சுட்டுத் தொறங்க, மூடுறப்ப நூல் முடி எதுவும் மாட்டாம முழுசா திருகி மூடுங்க. கதவு ரப்பர் மடிப்பையும் துடைச்சு விடுங்க, சில்லறை, ஹேர்பின் எல்லாம் அங்கதான் ஒளிஞ்சு ரப்பரைக் கிழிக்கும். பவுடரை நம்ம ஊர் மாதிரி கையளவு அள்ளிப் போடாதீங்க, நுரை பொங்கி பவுடர் போடுற டிராயர் வழியா வெளிய வரும். பெர்லின் தண்ணி கடினத் தண்ணி, டப்பா பின்னாடி ஹார்ட்னு இருக்கற வரிசைல எவ்வளவுனு போட்டிருக்கும், அதுக்கு மேல வேண்டாம்.

பைப்பை மூடி வச்சா ஹோஸ் வெடிச்சாலும் தண்ணி கொட்டாது, அதோட இன்னொரு லாபமும் இருக்கு, மாசக்கணக்கா தொடாம விட்ட பைப் சுண்ணாம்பு புடிச்சு இறுகிரும், அவசரத்துக்கு திரும்பாது. உங்க பைப் இப்பவே கடினமா திரும்புதுன்னா ஓனர்கிட்ட எழுதிக் குடுத்து மாத்தச் சொல்லுங்க. வீட்டு மெயின் வால்வு எங்க இருக்குன்னும் இன்னைக்கே தேடி வச்சுக்கோங்க, வீட்டுல உங்க மனைவிக்கும் காட்டிருங்க.

மீறி ஒரு நாள் தண்ணி வந்துச்சுன்னா, ஈரத்துல கால் வச்சு மெஷின் பிளக்கைப் புடுங்கப் போயிராதீங்க. ஃபியூஸ் பாக்ஸ்ல கரண்ட்டை ஆஃப் பண்ணிட்டு பைப்பை மூடுங்க, துண்டு போர்வைனு கைல கிடைச்சதை எல்லாம் போட்டு உறிஞ்ச விடுங்க, அப்பவே கீழ் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்க. நிக்காம வந்துட்டே இருந்தா 112க்கு, அதாவது ஃபயர் சர்வீஸுக்கு, அடிக்கலாம். போட்டோ எடுத்துட்டு அன்னைக்கே ஓனருக்கும் இன்சூரன்ஸுக்கும் எழுதுங்க, ஓனருக்கு உடனே சொல்ல வேண்டியது சட்டப்படியே நம்ம கடமை. நனைஞ்ச சாமானை அவங்க சொல்றவரைக்கும் தூக்கிப் போடாதீங்க. எவ்வளவு தர்றேன்னு யார்கிட்டயும் எழுதிக் குடுக்காதீங்க, மன்னிப்பு கேளுங்க, கணக்கை இன்சூரன்ஸ்காரங்க பேசட்டும். காய வைக்கிற மெஷின் வந்தா வந்த அன்னைக்கும் போற அன்னைக்கும் அதுல இருக்கற கரண்ட் மீட்டரைப் போட்டோ எடுங்க, பில் எகிறும், அதையும் கேட்டு வாங்கலாம்.

ராத்திரி ஓட்டலாமானு கேட்டிருந்தீங்க. வேண்டாம் தம்பி, 10 மணிக்கு மேல இங்க அமைதி நேரம், அதை விடுங்க, நீங்க ரெண்டு பேரும் தூங்குறப்ப யாரு பாப்பாங்க? சாயந்தரம் ஆபீஸ் விட்டு வந்ததும் போட்டுட்டு பக்கத்துலயே சமைச்சிட்டு இருங்க. சனிக்கிழமை மெஷினை மாட்டினதும் சிங்குக்கு அடியில ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, கிளாம்ப் சரியா உக்காந்திருக்கானு நான் பாத்துச் சொல்றேன்.