கத்தாழை நார் கண்ணாடி இழைக்கு ஈடாகுமா?

கேள்வி: கத்தாழை நார், வாழை நார், தேங்காய் நார் இவற்றை ஃபைபர் பலகையில் கண்ணாடி இழைக்குப் பதிலாகப் போடும் அளவுக்கு வலு இருக்கிறதா?

நாரில் வலு இருக்கிறது. பலகை தோற்பது நாரும், அதைப் பிடித்துவைக்கும் ரெசின் என்ற இறுகும் பிசினும் சேருகிற இடத்தில்தான்.

சேலத்தில் ஃபைபர் கதவு செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ரயில் கத்தாழை நாரை வாங்கி வந்து, கண்ணாடி இழை விரிப்புக்குப் பதிலாகப் பரப்பி, பாலியெஸ்டர் ரெசினில் ஒரு பலகை வார்த்தேன். இறுகியதும் வைஸில் பிடித்து முறித்தேன். முறிந்த வாயில் நார்கள் அரை அங்குலத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றன, தேய்ந்த பிரஷ் மாதிரி. எதிர்த் துண்டில் அவை உருவி வந்த துளைகள். ஒன்றிரண்டைத் தவிர எந்த நாரும் அறுபடவில்லை. அதாவது, நாரின் வலுவை அந்தப் பலகை பயன்படுத்தவே இல்லை.

காரணம், நாரின் மேலுள்ள மெழுகும் பெக்டின் என்ற செடிப் பசையும். நாரின் உடலான செல்லுலோஸும் தண்ணீரோடு உறவாடும், ரெசினோடு ஒட்டாது. அம்மாபேட்டை நெசவாளர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் தறியேற்றுவார்களா? கண்ணாடி இழைக்குக்கூட ஆலையிலேயே அப்படி ஒரு பூச்சு போட்டுத்தான் அனுப்புகிறார்கள். நம் நார் வெறுமனே வருகிறது.

அந்த மெழுகையும் பெக்டினையும் நீக்க, அடுத்த முறை 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் நாரை ஊறப்போட்டேன். தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது. பல தண்ணீர் மாற்றி அலசி, நன்றாகக் காயவைத்து வார்த்ததில், முறிவில் துருத்திய நீளம் பாதிக்கும் கீழே போனது. (கையுறை கட்டாயம். கரைசலின் காரத்தைக் கூட்டினால் நாரே நைந்துவிடும்.)

கணக்கும் சொல்லிவிடுகிறேன். கத்தாழை நாரின் இழுவிசை வலு, அதாவது அறாமல் இழுப்பைத் தாங்கும் வலு, ஏறக்குறைய 400 முதல் 700 மெகாபாஸ்கல் (வலுவை அளக்கும் அலகு). கண்ணாடி இழைக்கு 2000க்கு மேல். ஆனால் கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.5 மடங்கு, கத்தாழைக்கு 1.5 மடங்குக்குள். எடைக்கு எடை பார்த்தால் இடைவெளி குறையும், ஆனாலும் வலுவில் கண்ணாடிதான் மேல். வளையாத விறைப்பை மட்டும் எடைக்கு எடை பார்த்தால், ஆளி நார் (ஆளிவிதைச் செடியின் தண்டு நார்) கண்ணாடிக்குச் சமமாகவே நிற்கும். தேங்காய் நார் வேறு ரகம். அதன் நுண்ணிழைகள் நாரின் நீளத்துக்குச் சுமார் 45 டிகிரி சாய்வாகச் சுற்றியிருப்பதால், இழுத்தால் முறுக்குக் கயிறுபோல நீண்டு கொடுக்கும். வலு குறைவு, ஆனால் சட்டென்று அறாது.

ஈரம்தான் பெரிய எதிரி. ஏற்காட்டில் தெரிந்தவரின் காப்பித் தோட்ட வீட்டில் ஒரு பலகையை ஐப்பசி மழையில் வெளியே வைத்தேன். அறுத்த விளிம்பு வழியாக நீர் ஏறி, ஓரம் உப்பி, படலம் படலமாகப் பிரிந்தது. மேல்பரப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜெர்மனியில் கார் கதவின் உட்பலகைக்கு ஆளி, கத்தாழை நார்களைப் போடுவதும் மழை படாத இடத்தில்தான். நீங்களும் அறைக் கதவு, நாற்காலி முதுகு, அலமாரித் தட்டுக்குத் தாராளமாகப் போடலாம். அறுத்த விளிம்புகளை மட்டும் ரெசினால் மூடிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் கூரைக்கும் கண்ணாடி இழையே போடுங்கள்.