வட்டியை ஏற்றினால் எண்ணெய்க் கப்பல் வருமா?

வணக்கம் ஐயா,

சுன்னாகத்தில் சின்னதாக ஒரு வெதுப்பகம் நடத்துகிறேன். 2022இல் மா இல்லை, எரிவாயு இல்லை, டீசல் இல்லை. டொலர் இல்லாததால் சாமான் வரவில்லை, சாமான் வராததால் விலை ஏறியது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து இலங்கை மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 சதவீதம் ஏற்றியது. என் கடன் வட்டி பதினொன்றிலிருந்து இருபத்தாறுக்குப் போனது. போறணை எரியாத மாதத்திலும் தவணை கட்டினேன். வட்டியை ஏற்றினால் எண்ணெய்க் கப்பல் வருமா? பணவீக்கம் இறங்கிவிட்டது என்கிறார்களே, எந்தச் சாமானின் விலை இறங்கியது?

சி., சுன்னாகம்

அன்புள்ள சி.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இறங்கியது விலை ஏறும் வேகம் மட்டும்தான். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைகள் முந்தைய செப்டெம்பரைவிட 69.8 சதவீதம் கூடியிருந்தன. 2023 செப்டெம்பரில் அந்தக் கணக்கு 1.3 சதவீதம். அதாவது நூறு ரூபாய்ச் சாமான் 170 ஆகி, அடுத்த வருடமும் ஏறக்குறைய அங்கேயே நின்றது. பழைய நூறுக்கு அது திரும்பாது. நம் வருமானம்தான் மேலே போய் அதைப் பிடிக்க வேண்டும். பலருக்கு அது இன்னும் நடக்கவில்லை.

இனி கப்பலுக்கு வருவோம். 2022 மார்ச்சில் பணவீக்கம் 18.7 சதவீதம். வங்கிகள் தன்னிடம் போட்டு வைக்கும் காசுக்கு மத்திய வங்கி கொடுக்கும் வட்டியான வைப்பு வசதி வீதமோ 6.5. ரூபாயை வங்கியில் போட்டு வைத்தவருக்கு நட்டம் நிச்சயம். அப்படியானால் யார் ரூபாயை வைத்திருப்பார்? கடன் மலிவாகக் கிடைத்ததால் வசதி உள்ளவர்கள் அதை எடுத்துச் சாமான் வாங்கி அடுக்கினார்கள். ஏற்றுமதியாளர்கள் டொலரை மாற்றாமல் வைத்திருந்தார்கள். டொலரை 203 ரூபாயில் கட்டி வைத்திருந்ததால் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசும் வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர் வழியாகவே ஊருக்கு வந்தது. இருந்த கொஞ்ச டொலரும் வங்கிக்கு வராமல் போனது இப்படித்தான். ஏப்ரல் 8ஆம் திகதி, பதவிக்கு வந்த கையோடு ஆளுநர் நந்தலால் வீரசிங்க வைப்பு வசதி வீதத்தை 13.5 ஆக்கினார். நான்கு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த நிலையில் வட்டியைத் தொடாமல் விட்டிருந்தால் ரூபாயை யாரும் கையில் வைத்திருக்க மாட்டார்கள். அந்த முடிவு சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் 7 சதவீதத்தை ஏன் ஒரே நாளில் ஏற்ற வேண்டி வந்தது? நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான்.

அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க விற்கும் பத்திரம்தான் திறைசேரி உண்டியல். அதன் ஏலம் புதன்கிழமைகளில் நடக்கும். அரசாங்கத்துக்கு 40 பில்லியன் தேவை என்று வையுங்கள். 5, 6 சதவீத வட்டிக்கு வங்கிகள் 20 பில்லியன்தான் தரத் தயார். அந்த நாட்களில் மிச்சம் 20 பில்லியனை மத்திய வங்கியே வாங்கிக்கொள்ளும். அதற்குக் கொடுக்கும் காசு அந்த நிமிடம் வரை எங்கும் இல்லாத காசு. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்து அரசாங்கம் தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்டது. அந்தப் பள்ளம் இப்படித்தான் நிரப்பப்பட்டது. 2019 முடிவில் மத்திய வங்கியிடம் இருந்த உண்டியல்கள் நூறு பில்லியனுக்கும் குறைவு. 2021 முடிவில் ஒரு டிரில்லியனைத் தாண்டிவிட்டது. அந்த ரூபாய் சம்பளமாகவும் கொந்தராத்தாகவும் வெளியே வந்து, கடைசியில் இறக்குமதிச் சாமானைத் தேடி டொலரிடம் போனது. இரசாயன உரத் தடை, கொவிட், உலகச் சந்தையில் எண்ணெய் விலை எல்லாம் சேர்ந்துகொண்டன. உண்மைதான். ஆனால் 2021இல் கொஞ்சம் கொஞ்சமாக வட்டியை ஏற்றி, ரூபாயையும் இறங்க விட்டிருந்தால் உங்கள் தவணை இப்படிப் பாய்ந்திருக்காது. முன்னாள் ஆளுநர்கள் இருவருக்கும் இந்த நெருக்கடியில் பொறுப்பு உண்டு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

சுமை சமமாக விழவில்லை என்று நீங்கள் சொன்னால் அதை நான் மறுக்கவே மாட்டேன். காசு வைத்திருந்தவருக்குத் திறைசேரி உண்டியல் 30 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. கடன் வைத்திருந்த உங்களைப் போன்றவர்கள் கடையையும் காணியையும் இழக்கும் நிலைக்கு வந்தார்கள். நீதிமன்றம் போகாமலே அடகுச் சொத்தை விற்க வங்கிகளுக்கு இடம் தரும் பராட்டே சட்டத்தில் அவை சொத்தை ஏலம் விடுவதைப் பாராளுமன்றம் தற்காலிகமாக நிறுத்தியதே 2024இல்தான். இரண்டு வருடம் பிந்திவிட்டது. அந்த நிவாரணத்தை அரசாங்கம் வரவுசெலவுத் திட்டத்தில் காசு ஒதுக்கி அப்போதே தந்திருக்க வேண்டும். அதை மத்திய வங்கியிடம் கேட்டால் மறுபடி காசு அச்சடிப்பில்தான் போய் முடியும்.

2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்தப் புதன்கிழமை வேலையைத் தடை செய்திருக்கிறது. அரசாங்கத்திடமிருந்து மத்திய வங்கி இனி நேரே உண்டியல் வாங்க முடியாது. பணவீக்கத்துக்கு இலக்கு 5 சதவீதம். அது தொடர்ந்து இரண்டு காலாண்டுக்கு 3க்கும் 7க்கும் வெளியே நின்றால் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். நமக்குக் கிடைத்த மிக முக்கியமான பாதுகாப்பு இது. தேர்தல் நேரத்தில் யாராவது இதைத் தளர்த்தப் பார்த்தால் வெதுப்பகக்காரர்தான் முதலில் சத்தம் போட வேண்டும்.

அப்புறம் ஒன்று. ஏற்றும்போது ஓடிய வங்கிகள் இறக்கும்போது நடந்தன. 2023 ஓகஸ்டில் அடகு வட்டி 18ஐத் தாண்டக்கூடாது என்று மத்திய வங்கி கட்டளையே போட வேண்டி வந்தது. மத்திய வங்கியின் கொள்கை வட்டி வீதம் 2025 மேயில் 7.75 ஆனது. உங்கள் கடன் மிதக்கும் வட்டியா, அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இன்னும் பழைய வீதத்தில் கட்டிக்கொண்டிருந்தால் முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.