மறுப்பை எழுத்தில் கேளுங்கள், தங்கச்சி

கேள்வி (சுருக்கியிருக்கிறேன், ஆளை இனங்காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்):

சேர், நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. வயது 38. டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். 6 வருடமாக எச்.ஐ.வி. மருந்து குடிக்கிறேன். கடைசி மூன்று பரிசோதனையிலும் வைரஸ் தென்படவில்லை என்றுதான் கிளினிக்கில் சொன்னார்கள். எடை 118 கிலோ, உயரம் 160 சென்டிமீற்றர். சீனி வருத்தமும் இருக்கிறது. இரவில் மூச்சு அடைத்து எழும்புகிறேன். இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சைக்குத் தனியார் வைத்தியசாலை ஒன்றில் திகதி தந்து 75,000 ரூபாய் முற்பணமும் வாங்கினார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு, கவுண்டரில் இருந்த பிள்ளை ஆட்கள் நிறைந்த இடத்தில் சத்தமாக, “மிஸ், உங்களுக்கு எச்.ஐ.வி. தானே, டொக்டர் செய்யமாட்டாராம்” என்று சொல்லிவிட்டது. எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பிறகு அரசாங்க வைத்தியசாலைக்குப் போனேன். இந்த மாதம் 4ஆம் திகதி அங்கேயும், “இந்த வருத்தம் உள்ள ஆக்களுக்கு இங்கே செய்வதில்லை” என்றார்கள். வழக்குப் போடலாமா? இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் இதைச் சொல்லாமலே செய்துகொள்ளலாமா?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது அந்த 4ஆம் திகதி போய் 15 நாள் ஆகியிருந்தது. அதனால்தான் அன்றைக்கே தொலைபேசியில் ஒரு மாதக் கெடுவைப் பற்றி மட்டும் சொல்லி வைத்தேன். மற்றதை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் வாய் திறக்காமல் இருக்கிற வேறு சிலரும் இதை வாசிப்பார்கள்.

உங்களுக்கு நடந்தது இரண்டு. இரண்டும் ஒரே அவமானமாகத்தான் மனதில் கிடக்கும். சட்டத்துக்கு அவை வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கதவுகள்.

அரசாங்க வைத்தியசாலையை முதலில் எடுப்போம், அங்கேதான் நாள் ஓடுகிறது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கென்று நம் இலங்கையில் தனிச் சட்டம் கிடையாது. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று வரிசையாகச் சொல்கிறது. நோய் அதில் இல்லை. ஆனால் 12(1) இருக்கிறது: சட்டத்தின் முன் யாவரும் சமம். அரசாங்க உத்தியோகத்தர் நியாயமான காரணமின்றி உங்களை மட்டும் ஒதுக்கினால் அந்த உறுப்புரை அவரைக் கேள்வி கேட்கும். குளியாப்பிட்டியவில் எச்.ஐ.வி. என்ற வெறும் வதந்தியால் பாடசாலை மறுக்கப்பட்ட ஒரு சிறுவனின் விஷயம் 2016இல் உயர் நீதிமன்றம் வரை போனது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் உரிமைகளை அரசு காக்க வேண்டும், பாகுபாட்டை ஒழிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் அப்போது பதிவு செய்தது. கடைசியில் அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டது நம் கண்டியிலுள்ள ஒரு பாடசாலை.

அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். கொழும்புக்குப் போய்வரும் செலவு, சட்டத்தரணி செலவு எல்லாம் சேர்ந்து பலரை அங்கேயே நிறுத்திவிடுகிறது. ஆகவே அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டிக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுங்கள். காசு இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஆணைக்குழு விசாரணை நடத்துகிற காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கெடுக்கப்படாது. ஆனால் முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டை மட்டும் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு பைலில் போடுங்கள்.

இனி, உங்கள் வழக்கின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். உங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. நாளைக்கு விசாரணையில், “எச்.ஐ.வி.க்காக அல்ல, ஈரல் பரிசோதனை சரியில்லை, சீனி கட்டுப்பாட்டில் இல்லை, அதனால்தான் தள்ளிப்போட்டோம்” என்று சொன்னால்? அப்படி உண்மையான மருத்துவக் காரணம் இருந்தால் அது பாகுபாடு அல்ல; ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எச்.ஐ.வி. இருப்பதே இந்தச் சத்திரசிகிச்சைக்குத் தடை என்று மருத்துவம் சொல்லவில்லை. மருந்து ஒழுங்காகக் குடித்து வைரஸ் அடங்கியவர்களுக்கு இது செய்யப்படுகிறது. உங்கள் உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 46 வருகிறது. 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டலில் 35க்கு மேலுள்ள எவருக்கும் இது பரிந்துரைக்கப்படுகிறது, ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கச் சொல்கிறார்கள்.

அதனால் இரண்டு கடிதம் வேண்டும். உங்களுக்கு மருந்து தரும் கிளினிக்கின் விசேட வைத்திய நிபுணரிடம், வைரஸ் அளவு, சீடி4 எண்ணிக்கை (நோயை எதிர்க்கும் இரத்த அணுக்களின் அளவு), குடிக்கும் மருந்து ஆகியவற்றோடு, சத்திரசிகிச்சைக்கு இதனால் தடையில்லை என்பது அவர் அபிப்பிராயமானால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மற்றது நீங்கள் வைத்தியசாலைப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவது: “4ஆம் திகதி எனக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டது. காரணத்தை எழுத்தில் தாருங்கள்.” அவ்வளவு போதும், திட்டு வேண்டாம். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற உங்களுக்கு அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிலைப் பார்த்துக்கொண்டு ஆணைக்குழுவுக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், மாதம் கழிந்துவிடும்.

தனியார் வைத்தியசாலைக்கு வருவோம். உயர் நீதிமன்றத்தின் அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிரானது; தனியாருக்கு எதிராக அதைப் போட முடியாது. ஒரு தனியார் வைத்தியரின் கையில் கத்தியைத் திணித்து “வெட்டு” என்று உத்தரவிடவும் நீதிமன்றம் போகாது. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டம்தான்.

ஆனால் அந்தக் கவுண்டர் சங்கதி வேறு. நம் தோட்டங்களில் காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் விழுந்த ஒரு சொல், மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் முன்னே மேல் கணக்கு லயத்துக்கு, அதாவது மேல் பிரிவின் வரிசை வீடுகளுக்கு, போய்விடும். அது தெரிந்துதான் உங்கள் கை நடுங்கியிருக்கும். நோயாளியின் இரகசியத்தைச் சம்பந்தமில்லாத காதில் போடுவது, நாம் பின்பற்றும் ரோமன்-டச்சுச் சட்டத்தில் ஒருவரின் கண்ணியத்துக்குச் செய்த தீங்கு. இதே சட்ட மரபுள்ள தென்னாபிரிக்காவில் ஒரு வைத்தியர் கோல்ப் விளையாடும்போது தன் நோயாளிக்கு எச்.ஐ.வி. இருப்பதை ஒரு சக வைத்தியரிடமும் ஒரு பல் வைத்தியரிடமும் சொல்லிவிட்டார். 1993இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை நட்டஈடு கட்ட வைத்தது. கேட்டவர்களும் வைத்தியர்கள்தான் என்ற சாக்குக்கூட எடுபடவில்லை. உங்கள் விஷயத்தில் கேட்டது ஒரு கவுண்டர் வரிசை.

நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில்; சம்பவத்திலிருந்து 2 வருடம் அவகாசம். முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவோம். முற்பணத்தையும் அதிலேயே கேட்கலாம். செய்யாத வேலைக்கு 75,000 ரூபாயை அவர்கள் வைத்திருக்க நியாயமில்லை. பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் சபைக்கும் ஒரு பிரதி. அந்த அக்காதான் உங்கள் சாட்சி. ஊரில் கதை பரப்பினாரா, வாயை மூடிக்கொண்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. மூடிக்கொண்டவரானால் பக்குவமாகப் பேசிப் பாருங்கள்.

அடுத்த இடத்தில் மறைக்கலாமா? கோபத்தில் கேட்கிறீர்கள், விளங்குகிறது. வேண்டாம். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கல்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை நீண்ட காலம் குடிக்க வேண்டிவரும். நீங்கள் குடிப்பதாக எழுதியிருக்கும் டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை அவை உடலில் சேரவிடாமல் தடுக்கும். வெறும் வயிற்றில் என்றால் அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னரோ 6 மணி நேரம் பின்னரோ அதைக் குடிக்க வேண்டும். இரைப்பை அமிலம் குறைந்தால் சரியாக உறிஞ்சப்படாத எச்.ஐ.வி. மருந்துகளும் உண்டு. விஷயம் தெரியாத சத்திரசிகிச்சை நிபுணர் இதை எப்படிக் கவனிப்பார்? அடங்கிக் கிடக்கும் வைரஸ் திரும்பக் கிளம்பினால் நட்டம் உங்களுக்குத்தான். காப்புறுதி விண்ணப்பத்தில் மறைத்தால் பின்னால் ஒப்பந்தத்தையே செல்லாது என்பார்கள். சத்திரசிகிச்சை நிபுணருக்கும் மயக்க மருந்து வைத்தியருக்கும் சொல்லுங்கள். கவுண்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோய் விவரத்தைப் பைலின் வெளிமட்டையில் எழுத வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

பெயர் வெளியே வருமோ என்ற பயத்துக்கு: நீதிமன்றம் போனால் பெயரை மறைத்து நடத்தும்படி விண்ணப்பிக்கலாம், கொடுப்பது நீதிபதியின் முடிவு. ஆணைக்குழுவிடமும் இரகசியம் காக்கும்படி முறைப்பாட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கையில் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்; நீதிமன்ற வளாகங்களில் அவர்களுடைய நிலையங்கள் இருக்கின்றன. கடைச் சம்பளச் சீட்டைக் கொண்டு போங்கள்.

இன்னொன்று. லயத்துக்குத் தனி விலாசம் இல்லாததால் உங்கள் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. எந்த விண்ணப்பத்திலும் அந்த விலாசத்தைப் போடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரின் டவுன் விலாசமோ, நீங்கள் விரும்பினால் என் காரியாலய விலாசமோ போடுங்கள்.