பெண்டில் ஹில் பக்கம் தனி வீடு எடுக்கலாமா?

மனைவியோடும் மகளோடும் சிட்னிக்கு வருகிறீர்கள், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் தோட்டத்தோடு தனி வீடு, அதுவும் கிழக்கு பார்த்த வாசலாக, வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும் தம்பி. ஆனால் வாசலை விடுங்கள், ஹாலுக்கு வடக்கே ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே சூரியன் வடக்கு வானத்தில்தான் போகிறது, இங்கே குளிர்காலமான ஜூன் ஜூலையில் இன்னும் தாழ்ந்து போகும், அப்போது வடக்கு ஜன்னல் இருக்கிற வீட்டில் பகலில் ஹீட்டரே வேண்டியிருக்காது. தெற்குப் பக்க அறை மட்டும் கிடைத்தவர்கள் குளிர்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால் பெல்ட்டிலும் பட்டுப்புடவை மடிப்பிலும் பூசணம் பிடித்திருக்கும். பழைய வீடுகளில் சுவரும் கூரையும் குளிரைத் தடுக்கவே தடுக்காது. அப்புறம், பழைய ஃபைப்ரோ வீடு, அதாவது சிமெண்ட் தகட்டுச் சுவர் வீடு என்றால் சுவரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி மூச்சில் போனால் ஆபத்து, சாமி படம் மாட்டக்கூட நீங்களாகத் துளை போடாதீர்கள்.

மேற்கு ஜன்னல் நேர்மாறு, கோடையில் சாயங்கால வெயில் நேரே உள்ளே வரும். மதுரை வெயிலையே பார்த்தாச்சு என்பீர்கள், சரி, ஆனால் 2020 ஜனவரி 4 அன்று நமக்கு மேற்கே பென்ரித்தில் 48.9 டிகிரி. கடற்காற்று இந்தப் பக்கம் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏசி எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஹாலில் ஒன்றை மாட்டிவிட்டு 'ஏசி வீடு' என்று விளம்பரம் போடுவார்கள்.

தோட்டம் ஆசைதான், ஆனால் புல் வெட்டுவது வாடகைக்கு இருப்பவர் தலையில். வேலிக்கு வெளியே சாலையோரம் இருக்கிற புல்தரை கவுன்சில் இடம், அதையும் நாம்தான் வெட்டுகிறோம். குப்பைத் தொட்டிக்குச் சிவப்பு மூடி, மறுசுழற்சிக்கு மஞ்சள், தோட்டக் கழிவுக்குப் பச்சை. எந்த வாரம் எது என்று குழப்பமாக இருந்தால் முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசலில் எந்தத் தொட்டி நிற்கிறது என்று பாருங்கள், எல்லோரும் அப்படித்தான். எங்கள் பக்கத்து வீட்டு மால்டாத் தாத்தாவோடு பேச்சு ஆரம்பித்ததே அப்படித்தான், இப்போது வேலிக்கு மேலே அவர் தக்காளி நீட்டுவார், நான் கறிவேப்பிலை நீட்டுவேன். அதை வைத்து என்ன செய்கிறார் என்று இதுவரை கேட்டதில்லை.

வார நாளில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. கார் ஓட்டாதவர் பகல் முழுக்க வீட்டில் இருக்கப் போகிறார் என்றால் ஒரு அறை குறைந்தாலும் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் எடுங்கள். பெண்டில் ஹில் ஸ்டேஷன் பக்கம் நம் கடைகள் இருக்கின்றன, முருங்கைக்காய் வாங்கப் போனால் நாலு வார்த்தை தமிழில் பேசிவிட்டும் வரலாம். மேஸ் ஹில் முருகன் கோயிலும் பக்கம்தான்.

பள்ளிக்கூடம்தான் பலரும் சறுக்குகிற இடம். அரசுத் தொடக்கப் பள்ளியில் இடம் உங்கள் முகவரியை வைத்துத்தான், எல்லை சில இடங்களில் தெருவின் நடுவிலேயே போகும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வீட்டு எண்ணையே கல்வித்துறைத் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். கிரவீன் உயர்நிலைப் பள்ளிக்காக அங்கேயே வீடு தேடுகிறவர்களும் உண்டு, அது தேர்வு எழுதி நுழைகிற பள்ளி, பக்கத்தில் குடியிருப்பதால் இடம் கிடைக்காது.

வாடகை வாரக் கணக்கு, முன்பணம் அதிகபட்சம் நாலு வார வாடகை. அதை மாநில அரசிடம்தான் கட்டி வைக்க வேண்டும். சாவி வாங்கியதும் வீட்டின் நிலையை எழுதுகிற படிவம் ஒன்று தருவார்கள், 7 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பளத்துக் கறை, அடுப்புக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறை மூலையில் கறுப்பு, எல்லாவற்றையும் படம் எடுத்து அதோடு சேர்த்துக் கொடுங்கள். காலி செய்யும்போது தாளிப்புக் கறை என்று நம் பக்கம்தான் முதலில் பார்ப்பார்கள்.